புரோக்குலஸின் யோசனை

புஷ்பராணி வந்து உட்கார்ந்து வெகு நேரமாகியும் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. காபியை ஆறவிட்டாள். தன் ஊரான லவாலில் இருந்து மொன்ட்ரியாலின் மேற்குக் கோடியான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை பாலத்தில் நின்று நின்று வந்த கதையை இரண்டு தடவை சொன்னாள்.

"அலமு அக்கா எப்ப வாறா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரக் கடைசியில. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன். மெட்ராஸ்ல கூட இருந்துட்டு வரணும்னு போயிருக்கா."

"அவ வந்தாப் பிறகே கேட்டிருக்கலாம். ஆனா ஐயர் அவசரப்படுத்துறார்…"

எதிரே உட்கார்ந்திருந்த அலமுவின் கணவர் ரகுநாதன் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசும் பாரசீகப் பேரரசும் எல்லையில் எப்படி அடித்துக்கொண்டன, பிறகு தூதர்களை அனுப்பி எப்படிச் சமாதானம் பேசின என்பதுதான் அவருடைய படிப்பு, பிழைப்பு எல்லாம். சுற்றி வளைத்துப் பேசும் தூதரின் மடியில் பெரிய கோரிக்கை இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் தன் வீட்டு சோபாவில் கோட்டோடு உட்கார்ந்து ஒருத்தி சுற்றி வளைத்தபோது, பாவம், பாலத்தில் நெரிசல் அதிகம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தார்.

பக்கத்து அறையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள் பிரஷாந்தினி. புஷ்பராணியின் ஒரே மகள். மருந்தகத்தில் வேலை. அடுத்த மாதம் டனிஸ்ரனோடு கல்யாணம். அந்த அவசரத்திலும் ரகுநாதனுக்காக ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லவால் பக்கத்து நூலகம் ஒன்றில் அவர் ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். கேட்க வருகிறவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலப் பல்கலைக்கழகத்திலேயே காலம் தள்ளிவிட்ட ரகுநாதனுக்கு பிரெஞ்சு என்றால் bonjour, merci, அதற்கு மேல் ஒரு புன்னகை. பிரஷாந்தினி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அவர் ஆங்கிலத்தில் பேச, அவள் மேடையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

"அண்ணை," என்றாள் புஷ்பராணி கடைசியில். "பிள்ளைக்குத் தாரை வார்க்க ஆளில்லை."

கணவர் கணேசலிங்கம் இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது. மணவறையில் அப்பாவும் அம்மாவுமாக இருந்துதான் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கணவனை இழந்தவளைத் தனியாக உட்கார விடுவது வழக்கமில்லை. சொந்தத்தில் யாராவது ஒரு தம்பதி பெற்றோர் இடத்தில் உட்காருவார்கள்.

"நீங்களும் அக்காவும் இருக்க வேணும். பிள்ளையும் அதைத்தான் கேக்கிறாள்."

'அதுக்கென்ன' என்று ரகுநாதன் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் ஓட்டலில் தோசை கேட்பதற்கே மெனு கார்டை முன்னும் பின்னும் படிக்கிறவர்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே," என்றார்.

பக்கத்து அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது.

"ஓம் அண்ணை. யோசிச்சுச் சொல்லுங்கோ," என்று எழுந்துகொண்டாள் புஷ்பராணி.

*

யோசிப்பதற்கு ரகுநாதன் துணைக்கு அழைத்தது மகன் அர்ஜுனை. அர்ஜுன் வக்கீல். குடும்ப வழக்குகள்தான் அதிகம். பிரிந்த தம்பதிகளையே தினமும் பார்ப்பதால் கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு முகம் கோணும்.

அவனுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. ரகுநாதனும் அலமுவும் மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நேஜில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தார்கள். எதிர் வீடு கணேசலிங்கம் வீடு. அலமு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். ரகுநாதன் எப்போதும் நூலகத்தில். அர்ஜுன் வளர்ந்தது புஷ்பராணியின் அடுப்படியில். 'ஆமாம்' என்று சொல்லவே தெரியாமல் 'ஓம்' என்று சொல்லி, சென்னையில் தாத்தாவைத் திகைக்க வைத்த பையன் அவன்.

"அப்பா, நான் ராணி ஆன்ட்டிக்காகச் சொல்லலை. உங்களுக்காகச் சொல்றேன்," என்றான். "நீங்க மணையில உக்காந்தா எல்லார் கணக்கிலும் நீங்கதான் பொண்ணோட அப்பா. நாளைக்கு அவங்களுக்குள்ள ஒரு பிரச்சனைன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க? டொரண்டோவில கணேசலிங்கம் அங்கிளோட சொந்தக்காரங்க இருக்காங்க. எங்களை விட்டுட்டு வெளியாளை ஏன் உக்கார வச்சேன்னு ஆன்ட்டியோட சண்டைக்கு வருவாங்க. இதெல்லாம் நான் ஆபீஸ்ல பாத்துட்டேன்பா."

"அப்ப மாட்டேன்னு சொல்லிடவா?"

"மாட்டேன்னு ஏன் சொல்லணும்? வேற ஏதாவது பெரிசா செஞ்சிடுங்க. நல்லதா ஒரு பரிசு கொடுங்க. முன்வரிசையில உக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. மரியாதையும் ஆச்சு, மாட்டிக்கவும் இல்லை."

ரகுநாதனுக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அவருக்கு நன்றாகப் பழக்கமான தர்க்கம் அது. அவருடைய சொற்பொழிவே இதைப் பற்றியதுதான்.

பாரசீக மன்னர் கவாத்துக்கு வயதாகிவிட்டது. தனக்குப் பின் செல்ல மகன் குஸ்ரோ அரியணை ஏற வேண்டும் என்று ஆசை. ஆனால் குஸ்ரோவுக்கு மூத்தவர்கள் இருந்தார்கள். தான் கண்ணை மூடியதும் பையனை ஒழித்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் தன் பரம எதிரியான ரோமப் பேரரசர் ஜஸ்டினுக்கே தூது அனுப்பினார்: என் மகனை நீங்கள் தத்து எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரரசுகளும் உறவாகிவிடும், எல்லையில் சண்டை ஓயும். ஜஸ்டினுக்குப் பிள்ளை இல்லை. மகிழ்ந்து போனார். சரி என்று சொல்ல இருந்த சமயத்தில் குறுக்கே வந்தார் புரோக்குலஸ் என்ற சட்ட அதிகாரி. அப்பாவின் சொத்து மகனுக்கு என்பது எல்லா நாட்டுச் சட்டமும். பாரசீகனை மகன் என்று ஏற்றால் ரோம் நாளைக்கு யாருக்கு? பத்திரம் எழுதித் தத்து எடுக்க வேண்டாம், அந்நியர்களுக்குச் செய்வதுபோல ஆயுதங்களைப் பரிசாகக் கொடுத்து 'மகன்' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவோம் என்றார்.

குஸ்ரோ அதற்குள் டைகிரிஸ் நதிப் பக்கம் வந்து காத்திருந்தான், பேச்சு முடிந்ததும் புது அப்பாவைப் பார்க்க ரோமர்களின் தலைநகருக்குப் புறப்படலாம் என்று. எல்லையில் ரோமத் தூதர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவமானத்தோடு திரும்பிப் போனான். பின்னால் அவனே மன்னனாகி ரோமர்களின் அந்தியோக்கியா நகரைக் கொளுத்தினான்.

புரோக்குலஸ் காரியத்தைக் கெடுத்தார் என்பார்கள் பலர். இல்லை, அவர் சொன்னதுதான் சரி என்று ரகுநாதன் முப்பது வருஷமாக எழுதி வருகிறார்.

மறுநாள் கடைக்குப் போய் ஆளுயரத்தில் ஒரு வெள்ளிப் பூச்சுக் குத்துவிளக்கு வாங்கினார்.

*

விளக்கைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, ஆற்றைக் கடந்து லவாலுக்குக் கொண்டுபோனார். பிரஷாந்தினி கதவைத் திறந்தாள். புஷ்பராணி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்தது, நேரில் வந்துவிட்டாரே, நல்ல சேதிதான் என்று.

ரகுநாதன் விளக்கை நடு வீட்டில் நிறுத்தினார். தயாரித்து வந்ததை ஒப்பித்தார். "நாங்க முன்வரிசையில உக்காந்து மனசார ஆசீர்வாதம் பண்றோம். தாரை வார்க்கறதுக்கு உங்க சொந்தத்துல ஒருத்தர் இருந்தாத்தான் நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

புஷ்பராணி விளக்கையே பார்த்தாள்.

"வடிவான விளக்கு அண்ணை," என்றாள்.

"பிடிச்சிருக்கா?"

"ஓம். நல்ல பாரம்."

பிரஷாந்தினி மாடிக்குப் போனாள். தேநீர் வந்தது. குடித்தார். எழுந்தார். புஷ்பராணி வாசல் வரை வந்து, "கவனமாப் போங்கோ," என்றாள்.

பாதி வழியில்தான் ரகுநாதனுக்கு என்னவோ போலிருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தார். பசித்தது. அந்த வீட்டிலிருந்து அவர் பசியோடு திரும்பியது அதுவரை நடந்ததே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் புட்டையும் மீன் இல்லாத குழம்பையும் திணித்துவிட்டுத்தான் விடுவாள். இன்றைக்கு அடுப்பில் வேலையாக இருந்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து விளக்கு திரும்பி வந்தது. டனிஸ்ரன் கொண்டுவந்து வாசலில் வைத்தான். நல்ல பையன். நெளிந்தான்.

"மாமி தந்துவிட்டவ அங்கிள். வீட்டில வைக்க இடம் காணாதாம்."

"இடமா? அவ்வளவு பெரிய ஹால் இருக்கே?"

"எனக்கும் விளங்கேல்லை அங்கிள். நான் வாறன்," என்று தப்பித்து ஓடினான்.

ரகுநாதன் புஷ்பராணிக்குப் போன் செய்தார். எடுத்தாள். மரியாதையாகப் பேசினாள். ஓம் அண்ணை, இல்லை அண்ணை, பேந்து கதைப்பம் அண்ணை. ஒரு சுடுசொல் இல்லை. பிறகு பேசலாம் என்று சொல்லி அவள் போனை வைத்ததும், என்ன நடந்தது என்பது அவருக்கு முன்னைவிடக் குறைவாகவே புரிந்தது. கோபம் என்றால் திட்ட வேண்டும். கோபமில்லை என்றால் விளக்கு ஏன் திரும்பி வருகிறது?

*

அலமு விமான நிலையத்திலிருந்து வந்து, பெட்டியை வைத்து, நடு ஹாலில் நின்ற விளக்கைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றாள். ரகுநாதன் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அலமு சோபாவில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரம். ரெண்டே வாரம் நான் ஊர்ல இல்லை," என்றாள். "அவ கேட்டா நீங்க என்ன சொல்லணும்? தாராளமான்னு ஒரு வார்த்தை. அது வராட்டி, அலமுகிட்ட கேக்கறேன்னு சொல்லியிருக்கலாம். நானாவது தாராளமான்னு சொல்லியிருப்பேன்."

"அர்ஜுன் சொன்னதுல நியாயம் இருக்கு அலமு."

"அவன் விவாகரத்து வக்கீல். அவன்கிட்டயா கல்யாணத்துக்கு யோசனை கேப்பாங்க?"

"நாம எவ்வளவு பெரிய விளக்கு…"

"பேசாதீங்க."

மறுநாள் சனிக்கிழமை. சொற்பொழிவு. பிரஷாந்தினி வரமாட்டாள் என்றே ரகுநாதன் நினைத்தார். வந்தாள். நீலப் புடவை, கையில் காகிதங்கள். "வணக்கம் அங்கிள். ஆன்ட்டி, பயணம் எப்பிடி?" என்றாள். அவ்வளவுதான். சொன்ன வேலையைச் செய்யாமல் விடுகிற பெண் இல்லை அவள்.

கூட்டம் பரவாயில்லை. தலை நரைத்தவர்கள் நிறைய. ரகுநாதன் ஒரு பத்தி பேசுவார், நிறுத்துவார். அவள் பிரெஞ்சில் சொல்வாள். கவாத், குஸ்ரோ, ஜஸ்டின் என்ற பெயர்கள் மட்டும் அவர் காதில் விழும். தன் கதை வேறு குரலில் போவதைக் கேட்க அவருக்குச் சுகமாகவே இருந்தது. புரோக்குலஸ் வந்தபோது அவள் குரல் கொஞ்சம் மாறியது போலத் தோன்றியது. ஒருவேளை தொண்டை வறண்டிருக்கலாம். தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

முடிவில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் எழுந்து கேள்வி கேட்டார். பிரஷாந்தினி ரகுநாதனிடம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள். "புரோக்குலஸ் செய்தது சரியோ எண்டு கேக்கிறார். உங்கட சொந்த அபிப்பிராயம் என்னவாம்."

ரகுநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். "சரிதான். ஓர் இளவரசனின் மனம் நோகுமே என்பதற்காக ஒரு பேரரசை ஆபத்தில் வைக்க முடியாது. புரோக்குலஸ் மறுக்கவில்லை. மரியாதையான இன்னொரு வழியைக் காட்டினார்."

பிரஷாந்தினி அதை மொழிபெயர்த்தாள். பிறகு நிறுத்தவில்லை. காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு மேலும் பேசினாள். ரகுநாதன் எண்ணிப் பார்த்தார், தான் சொன்னது இவ்வளவு நீளம் இல்லையே? பிரெஞ்சில் எல்லாமே நீளம்தான் என்று கேள்விப்பட்டிருந்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். தொப்பிக்காரர் மெல்லத் தலையாட்டினார். யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். எல்லோரும் ரகுநாதனையே பார்த்தார்கள்.

ரகுநாதனும் கை தட்டினார்.

*

"நீங்க எதுக்குக் கை தட்டினீங்க?" என்றாள் அலமு, காரில்.

"எல்லாரும் தட்டினாங்களே?"

"அவ உங்களைத்தான் சொன்னா."

அலமுவுக்கு பிரெஞ்சு நன்றாக வரும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசிப் பேசி வந்தது. காரைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மொழிபெயர்க்க வந்தவ சொந்தக் கருத்தைச் சொல்லக்கூடாது, மன்னிக்கணும்னு ஆரம்பிச்சா. பேராசிரியர் கதையில ரெண்டு ராஜா இருக்காங்க, தூதர்கள் இருக்காங்க, ஒரு வக்கீல் இருக்கார். ஆத்தங்கரையில பெட்டி கட்டிட்டு நின்ன பையன்கிட்ட மட்டும் ஒருத்தரும் பேசலை. அவனுக்கு ரோம் வேணும்னு யார் சொன்னா? கூடப் பிறந்தவங்களே கொன்னுடுவாங்களோன்னு பயந்தவன் அவன். இவன் எங்க பிள்ளைன்னு ஒருத்தர் சொன்னாப் போதும்னு நின்னிருக்கலாம். அவனுக்கு அப்பா வரலை, கத்தி வந்துது. இதான் சொன்னா."

ரகுநாதன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"குஸ்ரோ மனசுல என்ன இருந்துதுங்கறதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்லை," என்றார்.

"குஸ்ரோவை விடுங்க."

"அப்படி எடுத்துக்கிட்டா புரோக்குலஸ்…"

"புரோக்குலஸையும் விடுங்க. பிரஷாந்தினி மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதா இல்லையா?"

அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் குழம்பிப்போனார். முப்பது வருஷமாக எழுதியது தப்பா? எழுதியது சரி, செய்தது தப்பா? இரண்டும் ஒரே யோசனைதானே? அங்கே சரியான யோசனை இங்கே எப்படித் தப்பாகும்?

"லவால்லதானே இருக்கோம்," என்றாள் அலமு, சாவியைத் திருகி. "நேரா அவ வீட்டுக்குப் போறேன். நீங்க ஒண்ணும் விளக்காதீங்க. உக்காரறோம்னு மட்டும் சொல்லுங்க."

*

புஷ்பராணி அலமுவைக் கட்டிக்கொண்டாள். ரகுநாதனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுப்படி மேஜையில் பலகாரத்துக்கான மாவு, டப்பாக்கள், பாதி கட்டிய பரிசுப் பைகள். நூலகத்திலிருந்து முன்னாலேயே வந்துவிட்ட பிரஷாந்தினி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நாங்க உக்காரறோம்," என்றார் ரகுநாதன். கூடுதலாக ஒரு சொல் சொல்லவில்லை.

புஷ்பராணி மாவுக் கையைப் பார்த்தாள்.

"இனிச் சரிவராது அண்ணை. ஞானேந்திரன் அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

ஞானேந்திரன் கணேசலிங்கத்தின் பெரியப்பா மகன். டொரண்டோவின் ஸ்கார்பரோ பக்கம். ஏதோ ஒரு பழைய மனஸ்தாபத்தில் இவர்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர். புஷ்பராணி தன் ரோஷத்தை விட்டு, அவருக்கு முதலில் போன் செய்திருக்கிறாள்.

"அவர் அழுதிட்டார் அக்கா, போனில. இப்ப மனிசியும் அவரும் பட்டு எல்லாம் வாங்கியாச்சு. இனி வேண்டாம் எண்டால் ஸ்கார்பரோ முழுக்க எங்களைத்தான் கதைக்கும்."

"ரெண்டு ஜோடியும் உக்காந்தா என்ன?" என்றார் ரகுநாதன்.

"ரெண்டு அப்பாவோ அங்கிள்?" என்றாள் பிரஷாந்தினி. "டனிஸ்ரன் பயந்து ஓடிப்போவான்."

யாரும் சிரிக்கவில்லை. அலமு மேஜையில் கிடந்த ஒரு ரிப்பனை எடுத்துச் சுருட்டினாள். ரகுநாதனுக்கு இப்போது எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. கொடுக்க வந்ததை வாங்க இடமில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

"உங்களில எனக்குக் கோவம் இல்லை அண்ணை," என்றாள் புஷ்பராணி மெதுவாக. "யோசிச்சுச் சொல்றன் எண்டியளே, அதுதான். எங்கட வீட்டு விசயத்தில யோசிக்க இருக்கெண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

ரகுநாதன் மேஜையில் சாய்ந்து கிடந்த ஒரு பரிசுப் பையை நிமிர்த்தி வைத்தார்.

"அம்மா, தோழனுக்கு இன்னும் ஆள் இல்லையே?" என்றாள் பிரஷாந்தினி திடீரென்று.

மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பிறகு அவன் மாப்பிள்ளைக்குத் தோழனாக மணவறையில் பக்கத்திலேயே இருப்பான். பிரஷாந்தினிக்கு அண்ணன் தம்பி இல்லை.

"றஜிந்தன் வாறன் எண்டவன்தானே," என்றாள் புஷ்பராணி. ஞானேந்திரனின் மகன்.

"அவனுக்கு லீவு இல்லையாம். நேற்று மெசேஜ் போட்டவன். அர்ஜுன் வரட்டும்."

"உனக்கென்ன விசரே? அவன் பெரிய லோயர். காலைக் கழுவு எண்டு அவனைக் கேக்கிறதோ?"

"பத்து வயசு வரைக்கும் உங்கட கையால குழைச்ச சோறு திண்டவன்தானே? கழுவட்டும். நல்லா முழங்காலில இருந்து கழுவட்டும். அவன்தானே இந்த யோசனை எல்லாம் சொன்னவன்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரகுநாதன் திகைத்து.

"முன்வரிசை, ஆசீர்வாதம், நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்… அது உங்கட பேச்சில்லை அங்கிள். நான் உங்களை மொழிபெயர்க்கிறனான். எனக்குத் தெரியாதே?"

அலமு முதலில் சிரித்தாள். பிறகு கைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, மேஜை நடுவில் வைத்தாள். பிரஷாந்தினி குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"தோழனா?" என்றது அர்ஜுனின் குரல். "சரி, ஒரு நிமிஷம். அதுல என்ன ரோல்? அதுக்கப்புறம் ஏதாவது பொறுப்பு வருமா?"

"வரும்," என்றாள் பிரஷாந்தினி. "ஆயுசுக்கும் வரும். நான் டனிஸ்ரனோட சண்டை பிடிச்சால் உன்ர வீட்டுக்குத்தான் வருவன். தீபாவளிக்கும் வருவன். என்ர பிள்ளை உன்னை மாமா எண்டு கூப்பிடும். முடியாட்டிச் சொல்லு, வேற ஆள் பாப்பம்."

ரகுநாதன் மகனின் மூளை ஓடும் ஓசையைக் கேட்டது போல உணர்ந்தார். அபாயங்கள், விளைவுகள், விதிவிலக்குகள். உதவலாமா என்று வாய் திறந்தார். அலமு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ராணி ஆன்ட்டி அங்க இருக்காங்களா?" என்றான் அர்ஜுன்.

"இருக்கிறன் அப்பன்."

"நான் வாறன் ஆன்ட்டி."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த 'வாறன்' வந்தது. புஷ்பராணி முகத்தை மாவுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, "அக்கா, இருங்கோ, ஒரு புட்டு அவிக்கிறன்," என்றாள். வேண்டாம் என்று சொல்ல ரகுநாதனுக்குத் துணிவில்லை. விருப்பமும் இல்லை.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே அவர் வெகு நேரம் கணக்குப் போட்டார்.

"அலமு, அர்ஜுன் அவளுக்கு அண்ணன்னு ஆயாச்சு. அப்ப நாம அவளுக்கு யாரு? மணையில உக்காராம, தத்தும் எடுக்காம, பின்வாசல் வழியா… புரோக்குலஸ் பயந்ததே இதுக்குத்தான். ஆனா அவர் இப்படி ஒரு வழியை யோசிக்கவே இல்லை."

அலமு பயணக் களைப்பில் தூங்கிவிட்டிருந்தாள்.

*

கல்யாண மண்டபத்தின் வாசலில் அர்ஜுன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, கையில் செம்புத் தண்ணீரோடு நின்றான். நீதிமன்றத்தில் கூட இப்படி வியர்த்ததில்லை என்று அம்மாவிடம் சொன்னான். உள்ளே ஞானேந்திரனும் மனைவியும் மணவறைப் பக்கம் கம்பீரமாக உலாவினார்கள். அலமு மணப்பெண் அறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. ரகுநாதன் மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வாசலுக்கும் செருப்பு அடுக்கும் இடத்துக்கும் நடுவே நின்றார்.

வரவேற்பு மேஜையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பெண் பரபரத்தாள். அஞ்சலீனா என்று பெயர். மருந்தகத்தில் பிரஷாந்தினியோடு வேலை செய்கிறவள். அவருக்கு அவளைத் தெரியாது. அவளுக்கும் அவரைத் தெரியாது.

"அங்கிள், வழியில நிக்கிறியள். நீங்கள் ஆரின்ர பக்கம்? மாப்பிள்ளை பக்கமோ?"

"இல்லைம்மா. நான் தோழனோட அப்பா."

"தோழன் ஆர்?"

"பொண்ணோட அண்ணன்."

அஞ்சலீனா கற்கண்டுத் தட்டோடு நின்றாள். "அப்ப நீங்கள் பொம்பிளையின்ர அப்பாவோ? அவர் இல்லை எண்டெல்லோ சொன்னவள்?"

"ஆமா. அவர் போயிட்டார்."

"உள்ளுக்கு ஒருத்தர் தாரை வார்க்க நிக்கிறாரே. அவர் ஆர்?"

"அவர் பெரியப்பா முறை."

"அப்ப நீங்கள்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார் ரகுநாதன் உண்மையாகவே.

வெளியே மேளம் கேட்டது. கார்க் கதவுகள் அடுத்தடுத்து அறைந்து சாத்தப்பட்டன. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வந்திட்டினம்!" என்று அஞ்சலீனா பன்னீர்ச் செம்பைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். "பேந்து யோசியுங்கோ அங்கிள். பொம்பிளை வீட்டு ஆக்கள்தானே தெளிக்கிறது. கெதியாத் தெளியுங்கோ!"

ரகுநாதன் தெளித்தார். முதல் தெளிப்பு அவர் கண்ணாடியிலேயே விழுந்தது. துடைக்க நேரமில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "வாங்க, வாங்க," என்று சொல்லி, முகம் தெரியாத ஒவ்வொருவர் மேலும் பன்னீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார்.